ஆம்னி எஞ்சின் சுத்தம்: டெல்கோ மூலை மட்டும் இன்னும் மடங்கவில்லை

ஒருவழியாக எஞ்சின் பிளாக்கில் இருக்கும் வார்ப்பு எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கார்புரேட்டர் காலத்து ஆம்னி வேன், 796 சிசி, மூன்று சிலிண்டர், எஃப்8பி எஞ்சின். கைக்கு வந்தபோது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் எது, அதன் மேல் உட்காரும் ஹெட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. இப்போது இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேரும் கோட்டை முழுக்க விரலால் தடவிப் பார்க்க முடிகிறது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (டெல்கோ) அடியில் உள்ள ஒரு மூலையைத் தவிர.

ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இதன் அமைப்பு தெரிந்ததுதான். முன் சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைக் கழற்றினால் எஞ்சின். மேலிருந்து பார்க்கலாம், கீழே படுத்தும் பார்க்கலாம், ஆனால் பக்கவாட்டில் கை நுழைய இடம் கிடையாது. சக்கரம் வாரி இறைக்கும் புழுதி நேராக எஞ்சின் மேல் போய் ஒட்டும். எங்காவது ஆயில் கசிந்தால் அந்தப் புழுதியோடு குழைந்து, சூட்டில் காய்ந்து, தார் மாதிரி இறுகிவிடும். இதைவிடப் பெரிய பிரச்சினை வாடை. கசிந்த ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டிக் கருகினால், புகை சீட்டுக்கு அடியிலிருந்தே உள்ளே வரும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் நைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் வாடை உள்ளே வரும் வழியில் சைலன்சர் புகையும் வரலாம், அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அதனால் பீடிங்கைத்தான் முதலில் மாற்றினேன்.

வாட்டர் சர்வீஸில் விட்டு பிரஷர் கன்னால் அடித்துவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, பிளக் குழிகள் எல்லாமே மேலிருந்து வரும் தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்பவை. இறுகிய மண்ணை அந்த வேகத்தில் அடித்தால் அது வெளியே போவதில்லை, இன்னொரு சந்துக்குள் போய் அடைந்துகொள்கிறது. டீசல் அடிப்பதும் எனக்குப் பிடிக்காத பழக்கம். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் மேலே நிற்கும் எண்ணெய்ப் படலம் அடுத்த புழுதியை இழுத்துவைத்துக்கொள்ளும், ரப்பர் ஹோஸும் பெல்ட்டும் ஊறி உப்பும். பாத்திரத்தின் கரியை எடுக்கும் காஸ்டிக் சோடா வகைகள் பக்கம் போகவே கூடாது. அது அலுமினியத்தை அரிக்கும், ஹெட்டும் கார்புரேட்டரும் வெளுத்துப் புள்ளி புள்ளியாகிவிடும்.

நான் செய்தது பெரும்பாலும் உலர் சுரண்டல். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கார்புரேட்டர் வாய், டைனமோ, காயில் மூன்றையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டினேன். ஒயர்களுக்குச் சிலிண்டர் எண் எழுதிய டேப், ஹோஸ்களுக்கு வேறு நிற டேப். பழைய வேக்குவம் ஹோஸ்கள் பிஸ்கட் மாதிரி உடையும் நிலையில் இருந்ததால் பிரஷ்ஷை அவற்றுக்கு எதிராக இழுக்காமல், அவை போகும் திசையிலேயே இழுத்தேன்.

அந்த அழுக்கில் மூன்று அடுக்கு இருந்தது. மேலே உலர்ந்த புழுதி, அதைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினாலே உதிர்ந்துவிடுகிறது. நடுவில் ஆயில் குழைந்த களி. இதற்கு மூங்கில் குச்சிதான் சரி. நுனியை உளி போல் சீவிக்கொண்டு தள்ளினால் பட்டை பட்டையாக வரும், அலுமினியத்தில் கீறல் விழாது. ஸ்க்ரூ டிரைவரால் செய்தால் வேகமாக முடியும், ஆனால் இணைப்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் உட்காரும் முகத்தில் ஒரு கோடு விழுந்தால் புதிதாக ஒரு கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். அடியில் கருகி வார்னிஷ் போல் ஒட்டிய மூன்றாவது அடுக்குக்கு மட்டும்தான் மண்ணெண்ணெய், அதையும் ஊற்றவில்லை. ஆறின எஞ்சினில் பிரஷ்ஷால் தொட்டுத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் பனியன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டும். காயவிட்டால் கரைந்தது அப்படியே திரும்ப ஒட்டிக்கொள்கிறது. கீழே அட்டை விரித்து மரத்தூள் போட்டிருந்தேன், சொட்டியது எல்லாம் அதிலேயே நின்றுவிட்டது, சாக்கடைக்குப் போகவில்லை. கடைசியில் தண்ணீரில் கரைத்த டிகிரீசரைக் கை ஸ்ப்ரேயரால் லேசாக அடித்து, ஈரத்துணியால் ஒற்றி, கம்ப்ரஸர் காற்று. பிளக்கைக் கழற்றும் முன் குழிகளை ஊதிவிடுவதில் மட்டும் சோம்பல் கூடாது. அங்கே தங்கியிருக்கும் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும்.

சரி, இப்போது அந்த மூலைக்கு வருகிறேன். மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கக் கோடியில் இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு கை மட்டும், அதுவும் மணிக்கட்டை மடக்கித்தான் போகும். கண் போகாது. சின்னக் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி, டார்ச்சை எதிர்ப்பக்கம் நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குச்சியை நகர்த்த வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், பழகும்வரை கை எதிர்த்திசையில்தான் ஓடும். பழகிய பிறகு விரலே கண்ணாகிவிடுகிறது. களி இருக்கும் இடத்தில் குச்சி அமுங்கும், உலோகம் வந்ததும் டொக்கென்று சத்தம் மாறும். அந்தச் சத்தத்தை வைத்தே பாதி இடத்தை முடித்தேன். அரை அங்குலத் தடிமனில் கையளவுக்கு ஒரு கட்டி மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தபோது வந்த சந்தோஷம் இந்த வேலை செய்தவர்களுக்குப் புரியும்.

சுத்தம் ஆனதும் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சந்தேகப்பட்ட இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, மறுபடி ஓட விட்டேன். ஆயில் கீழேதான் வழியும். ஓடும்போது காற்றில் பின்பக்கமும் பரவும். ஆகவே நனைந்த இடங்களிலேயே எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. புதுப் பேக்கிங் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கியதும் அது நின்றுவிட்டது. இங்கே பலத்தைக் காட்டினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே இன்னொரு கோடு. அதன் ஓ-ரிங்தான் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று நினைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பும் உள்ளே சுழலும் ரோட்டரும் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு கழற்றினேன். வெளியே இழுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், அந்தத் திசையையும் குறித்துக்கொண்டால்தான் திரும்பப் போடும்போது டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) மாறாமல் உட்காரும். பழைய ஓ-ரிங் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்குக் கல்லாகியிருந்தது. மாற்றியாயிற்று. ஆனாலும் பவுடரில் அதே இடத்தில் மெல்லிய ஈரம். கண்ணாடியில் நன்றாகப் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் கேஸ் ஹெட்டோடு சேரும் இணைப்பிலிருந்து வருகிறது.

ஓ-ரிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர், ஹெட் ஓரத்துச் சூட்டில் வருஷக்கணக்கில் இருந்தால் இறுகிப் போகும். வைட்டான் என்ற ரப்பர் வகை சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஹைட்ராலிக் சீல் விற்பவர்களிடம் அளவு சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். பழையதை அளந்து கொண்டு போகாதீர்கள், அது சப்பையாகியிருக்கும், பள்ளத்தைத்தான் அளக்க வேண்டும். மற்ற உதிரிபாகங்களுக்குக் கவலையில்லை. 1984 முதல் 2019 வரை ஓடிய வண்டி, தயாரிப்பு நின்ற பிறகும் பாகங்கள் தாராளமாகவே கிடைக்கின்றன. பேக்கிங் மட்டும் கம்பெனி பாகமாகப் பார்த்து வாங்குகிறேன். மலிவானவற்றில் மூலை வளைவு சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டே நிற்கிறது.

இதற்கிடையில் டைமிங் பெல்ட் கவரைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டின் ஓரத்தில் ஆயில் கறை இருக்கிறது, அதாவது வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் ஆயில் சீலும் போய்க்கொண்டிருக்கிறது. பெல்ட், டென்ஷனர், கேம் சீல், வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிடத் திட்டம். கார்புரேட்டர் கிட்டும் வாங்கி வைத்துவிட்டேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கேஸைக் கழற்றி, இரண்டு முகங்களையும் துடைத்து, சீலன்ட் போட்டு உட்காரவைக்க வேண்டும். மேல் போல்ட்டுக்கு டி-ஸ்பேனர் போகிறது. கீழ்ப் போல்ட்டுக்குச் சாக்கெட் நுழைகிறது, ராட்செட்டைத் திருப்பத்தான் இடம் இல்லை. கியர்பாக்ஸை இறக்காமல் இந்தக் கேஸைக் கழற்றியவர்கள் இருந்தால், மேலிருந்து நீட்டு எக்ஸ்டென்ஷன் போட்டீர்களா, கீழே படுத்து ரிங் ஸ்பேனரால் எடுத்தீர்களா என்று சொல்லுங்கள். அது தெரிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுவேன்.