21 புள்ளிகள்

மொரீஷியசின் ரோஸ்ஹில்லில் எங்கள் பட்டறை ஒரே அறைதான். சன்னலைத் திறந்தால் கோர் தெ கார்த் மலை தெரியும். ஒரு மேசையில் கணினி, எதிரே லேசர் வெட்டும் இயந்திரம், சுவரோரம் மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகள். வீட்டுப் பெயர்ப்பலகை, கோவிலுக்கு மயில், வேல், கல்யாண மேசைக்குப் பெயர் அட்டை என்று கேட்டதையெல்லாம் வெட்டிக் கொடுக்கிறோம். என் மனம் முழுவதும் இருப்பது ஒரே வேலையில்தான்: பள்ளிப் பிள்ளைகளுக்கான மர எழுத்துகள்.

மொரீஷியசில் ஆரம்பப் பள்ளியில் தமிழைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். தமிழை அவர்கள் முதலில் சந்திப்பது காதால் அல்ல, கண்ணால். க, க் இரண்டும் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. புள்ளியைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் என் மர வில்லைகளில் எழுத்தை மேலாகப் பொறித்து, புள்ளியை மட்டும் நான்கு மில்லிமீட்டர் துளையாக வெட்டினேன். தடவிப் பார்க்கும் பிள்ளையின் விரல் நுனி அதில் பதியும். விரல் நிற்கும் இடத்தில் ஒலியும் நிற்கும் என்று தமிழ் ஆசிரியை ஒருவர் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இந்த வேலையில் கோட்டின் நிறம் அழகுக்காக இருப்பதல்ல, இயந்திரத்துக்கு அதுதான் கட்டளை. எங்கள் பட்டறையில் கறுப்பு என்றால் பொறி. நீலம் என்றால் முதலில், மெதுவாக வெட்டு. சிவப்பு என்றால் கடைசியில் வெட்டு. புள்ளித் துளைகள் நீலம், வில்லையின் சுற்றுக்கோடு சிவப்பு. இந்த வரிசை மாறக்கூடாது. சுற்றுக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் வில்லை பலகையிலிருந்து விடுபட்டு, கீழே இருக்கும் தேன்கூட்டுத் தட்டில் சற்றே இறங்கும், சாயும். அதற்குப் பிறகு வெட்டும் துளை நினைத்த இடத்தில் விழாது. புயல் பருவத்து ஈரத்தில் பலகை வளைந்திருந்தால் இன்னும் மோசம்.

ஜனவரியில் பள்ளி திறக்கும். தைப்பூசக் காவடியும் அதை ஒட்டியே வரும். இரண்டு வேலையும் ஒன்றாகக் குவிந்திருந்த ஒரு வாரத்தில், என் கோப்பில் சிவப்பு பல விதமாக இருப்பதைக் கவனித்தேன். பல வருடங்களாக அங்கும் இங்கும் வரைந்து சேர்த்த கோப்பு அது. கணினி நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாக எழுதும். ஒரு வில்லையின் சிவப்பு 255, 0, 0. வேறொரு மென்பொருளிலிருந்து வந்த வில்லையில் 237, 28, 36. கண்ணுக்கு இரண்டும் சிவப்பு, இயந்திரத்துக்கு இரண்டும் வேறு நிறம். நான் வரையும் இன்க்ஸ்கேப் மென்பொருளில் ஒரே கோட்டு நிறம் உள்ளவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. ஆனால் நிறமே சற்றுச் சற்று விலகியிருந்தால் அது எல்லாவற்றையும் பிடிக்காது.

எனவே அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்தேன். என் கோப்பு எஸ்.வி.ஜி. என்ற படக் கோப்பு வகை. 2001ஆம் ஆண்டிலிருந்து இணையத் தரமாக இருக்கும் வடிவம் அது. உள்ளே திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான். ஒவ்வொரு வடிவத்துக்கும் உள்நிரப்பு என்ன நிறம், கோடு என்ன நிறம் என்று சொற்களாலும் எண்களாலும் எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்த உதவியாளருக்கு இது நல்ல நிலம். 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது இணைப்பு முறை வெளியான பிறகு, உதவியாளர்கள் வரைகலை மென்பொருளுக்குள்ளேயே வந்து கோப்பைத் தொட முடிகிறது. நான் தமிழிலேயே தட்டச்சு செய்தேன்: "வில்லைகளின் வெளிக்கோடுகள் எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக மாற்று." சில நொடிகளில் முடிந்தது. திரையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 54 வில்லைகள் கொண்ட பலகையை வெட்ட அனுப்பிவிட்டேன். மெய் பதினெட்டும் மும்மூன்று.

வெட்டி முடிந்ததும் என் அக்காள் மகன் மூடியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்தான். "சித்தி, இந்தப் புள்ளி ஏன் எழுத்தில் இடிக்கிறது?" ன் வில்லை அது. துளை ஒரு பக்கமாக இறங்கி எழுத்தின் தலைக்கோட்டைக் கடித்திருந்தது. துளையின் ஒரு விளிம்பு கருகிக் கூராக நின்றது. பிள்ளைகள் விரல் வைக்கும் இடம். மற்றவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் புள்ளி ஒவ்வொரு பக்கம் நகர்ந்திருந்தது. ஐம்பத்து நான்கையும் குப்பையில் போட்டோம்.

அன்று இரவு கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. என் வாயில் வெளிக்கோடு என்றால் வில்லையின் வெளிப்புறச் சுற்று. வரைகலை மென்பொருளின் பேச்சில் வெளிக்கோடு என்றால் ஸ்ட்ரோக், அதாவது எந்த வடிவத்தையும் சுற்றிப் போகும் எந்தக் கோடும். புள்ளித் துளையும் ஒரு வட்டம். அதற்கும் அந்தக் கணக்கில் வெளிக்கோடு உண்டு. நான் சொன்ன சொல்லை உதவியாளர் சரியாகவே எடுத்துக்கொண்டு நீலத்தையும் சிவப்பாக்கிவிட்டது. முதலில் வெட்ட வேண்டிய துளையும் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் ஒரு பலகை போனது. நிறத்தை மாற்றுவது சின்ன வேலை என்று நினைத்து, வார்த்தையை எண்ணிப் பார்க்காமல் கொடுத்தது என் பிழை.

பழையபடி கையால் செய்யலாமே என்று அக்கா சொன்னாள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கீழே இருக்கும் வண்ணப் பட்டையில் சொடுக்கினால் கோட்டின் நிறம் மாறும், அழுத்தாமல் சொடுக்கினால் உள்நிரப்பு மாறும். பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஆனால் முழு எழுத்துத் தொகுப்பு 247 வில்லைகள். களைத்த கையோடு நள்ளிரவில் ஷிஃப்ட்டை அழுத்த மறந்து சுற்றுக்கோட்டை விட்டு உள்ளே நிறத்தைக் கொட்டிய இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. கையால் செய்தால் பிழை வராது என்று என்னால் சொல்ல முடியாது. உதவியாளரை விட எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து கோப்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் பெயர் வைத்தேன். புள்ளித்துளை, வில்லைச்சுற்று, எழுத்துப்பொறிப்பு. பெயருக்குப் பின்னால் அது எந்த எழுத்து என்பதும் இருக்கும். இப்போது கட்டளையில் வெளிக்கோடு என்ற சொல்லே வராது. "வில்லைச்சுற்று என்று பெயருள்ளவற்றின் கோடு மட்டும்" என்பேன். எந்தச் சிவப்பு என்பதை மூன்று எண்களாகச் சொல்வேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நான் அதனிடம் கொடுப்பதில்லை. கண்ணுக்கு இதமான சிவப்பு காகிதத்துக்கு நல்லது, மரத்தை வெட்டாது.

இன்னொரு சிக்கலும் வந்தது. நிறங்கள் மாறிவிட்டன என்று உதவியாளர் சொல்கிறது, திரையில் ஒன்றும் மாறவில்லை. பார்த்தால், எஸ்.வி.ஜி.யில் ஒரு கோட்டின் நிறத்தை இரண்டு இடங்களில் எழுத முடியும்: நேரடியாக ஸ்ட்ரோக் என்ற பண்பாக ஒன்று, ஸ்டைல் என்ற பண்புக்குள் ஒன்று. இரண்டும் இருந்தால் ஸ்டைலில் இருப்பதுதான் செல்லும். இன்க்ஸ்கேப் வழக்கமாக ஸ்டைலுக்குள் எழுதும், உதவியாளர் வெளியே எழுதியிருந்தது. "ஸ்டைலுக்குள் இருப்பதை மாற்று" என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஒரு நாள் மாலை முழுவதும் இதில் போயிற்று என்பதால் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது, மாற்றுவதற்கு முன் எண்ணிச் சொல்லச் சொல்வது. எத்தனை பொருள்களைத் தொடப்போகிறாய், அவை எவை, முதலில் சொல், பிறகு நான் சொன்னால் மாற்று. தமிழ் எழுத்தின் எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். புள்ளி மெய்க்குத்தானே. எனவே முழுத் தொகுப்பில் புள்ளித்துளை பதினெட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

சென்ற வாரம் 247 வில்லைகளையும் சேர்த்து முழுத் தொகுப்பை ஒரே கோப்பாகத் தயார் செய்தேன். பழைய நீலங்களையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். "புள்ளித்துளை என்று பெயருள்ளவற்றை எண்ணிச் சொல், எதையும் மாற்றாதே" என்று எழுதினேன். விடை வந்தது: 21.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுபடியும் எங்கோ எதையோ சேர்த்துக்கொண்டது என்று பட்டியலைக் கேட்டேன். க், ங், ச் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. ன் வரை பதினெட்டு, எல்லாம் சரி. அதற்குக் கீழே மூன்று வரிகள். மூன்றிலும் ஒரே எழுத்து: ஃ.

அலமாரியைத் திறந்து பழைய தொகுப்பிலிருந்து அந்த வில்லையைத் தேடி எடுத்தேன். நான் வெட்டியதுதான். விளக்குக்கு நேரே பிடித்தபோது மேசைமேல் மூன்று சின்ன வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. மேலே ஒன்று, கீழே இரண்டு.

"சரி, இருபத்தொன்றையும் மாற்று" என்று எழுதினேன்.