கிடப்பில் கிடந்த நாடகம்: மூன்று வாரத் திருத்தம்

2020 மார்ச் பொதுமுடக்கத்தில் ஒத்திகையோடு நின்ற நாடகம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒரு குடும்பம், ஒன்பது காட்சி, ஆறு பேர். ஊர்த் திருவிழாவுக்காகத் திரும்ப எடுத்து மூன்று வாரம் ஆகிறது.

பழைய பிரதியில் எடுத்த எடுப்பிலேயே பேனா வைக்கக் கூடாது. வசனத்தைச் செதுக்க ஆரம்பித்தால், பின்னால் வெட்டப்போகிற காட்சிக்கும் சேர்த்து உழைப்போம். ஆறு பேரும் உட்கார்ந்து, நிறுத்தாமல், கடிகாரம் வைத்து வாசித்தோம்: 94 நிமிடம். மேடையில் கிடைப்பது 60. கேட்பவர் நெளியும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும். ஐந்தாம் காட்சியில் பதினொரு கோடு. அப்பாவும் மாமாவும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பேசிக்கொள்கிற காட்சி அது. முழுதாக எடுத்தாயிற்று. அதில் கதைக்கு வேண்டியது கடன் பாக்கி மட்டும்தான். இரண்டாம் காட்சியில் அம்மை ஒட்டுப்பாலை (சிரட்டையிலும் கீறலிலும் உறைந்து ஒட்டிய பால்) எடை போடும்போது ஒரு வரியில் அது வந்துவிடுகிறது.

அடுத்தது காட்சிக்கு ஓர் அட்டை: பொழுது, யார் உள்ளே, யாருக்கு என்ன தெரியும், கையில் என்ன பொருள். பெரிய பிழை இங்கேதான் அகப்பட்டது. மூன்றாம் காட்சி காலை பத்து மணி. தாத்தா வெட்ட, பால் சிரட்டை நிறைகிறது! வெயில் ஏறினால் பால் குறையும், வெட்டு விடியலில்தான். இந்த மாவட்டத்தில் அதை முதல் வரிசையே பிடித்துவிடும். காட்சி இப்போது நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது, முன்னைவிட நன்றாகவும் இருக்கிறது.

பேரனாக நடித்தவனுக்கு அன்று 11 வயது, இன்று 17. குரலே மாறிவிட்டது. வேறு சிறுவனைத் தேடவில்லை, பாத்திரத்தின் வயதை ஏற்றினோம். வயது ஏறினால் கேள்வியும் மாறியாக வேண்டும்: 'பால் ஏன் வெள்ளையா இருக்கு?' போய், 'எனக்க கையிலயும் இந்தக் கத்தியத்தான் தருவியளா?' வந்தது. நாடகத்தின் முடிச்சே இப்போது அந்த வரியில்தான் நிற்கிறது. பேச்சு வழக்கிலும் ஓட்டை இருந்தது. தாத்தா ஒரு காட்சியில் 'எனக்க மரம்' என்கிறார், இன்னொன்றில் 'என்னுடைய மரம்'. ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் தனியாகப் பிரித்தெடுத்து ஒரே மூச்சில் வாசித்தால்தான் இது கண்ணில் படும்.

மேடையில் நிற்கும் ரப்பர் மரத்துக்கு கமுகுத் தடியில் சாக்கு சுற்றியிருக்கிறோம். கீறல் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். பழைய மரத்தில் எதிர்ப்புறமாக இருந்ததைத் திருத்தினோம். பின்பக்கம் ஒரு பாட்டில், அதிலிருந்து குளுக்கோஸ் டியூப். சொட்டை அதன் உருளையாலேயே கட்டுப்படுத்தலாம். பாலுக்கு முதலில் வைத்த மைதாக் கரைசல் அடியில் தங்கி டியூபை அடைத்தது. ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துணியில் வடிகட்டினால் ஒழுங்காக இறங்குகிறது. ஒத்திகை முடிந்த கையோடு டியூபைக் கழுவ வேண்டும், காய்ந்தால் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

மரம் நடுமேடையில் நின்றபோது தாத்தா முதுகைக் காட்டிப் பேசினார், மைக்கில் ஒன்றும் விழவில்லை. ஸ்டாண்டு மைக்கிலிருந்து மூன்றடிக்குள், வலது ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறோம். இப்போது 67 நிமிடம். குறைக்க வேண்டிய ஏழும் ஏழாம், எட்டாம் காட்சிகளில் இருக்கிறது. இரண்டிலும் வாசலில் நின்றே பேசுகிறார்கள், ஒன்றாக்கிப் பார்க்கப் போகிறோம்.