அந்தக் கம்பி

ஜனவரி 6, 2024, சனி

ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்து அம்மா இன்று நான்கு அடி வைத்தார். ஐந்தாவதுக்கு என் முகத்தைப் பார்த்தார்.

குளியல் பெஞ்ச் வாங்கிவிட்டேன். இரண்டு கால் தொட்டிக்குள்ளே, இரண்டு கால் வெளியே. வெளியே உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து உள்ளே போக வேண்டும். இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாதாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் பெஞ்ச் நிற்கவே இல்லை. தொட்டி விளிம்பில் நகரும் கண்ணாடிக் கதவின் கீழ் டிராக் குறுக்கே மேடாக இருக்கிறது. கண்ணாடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதான் திறக்கிறது.

கதவைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

பினாங்கில் எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை தட்டக் கூடாது, துளைக்கக் கூடாது. கழிவறை மூடிமேல் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் துண்டு போடும் கம்பி. கதவு நகர்ந்தால் அதுவும் நகரும். ஏழு வருடம் தினமும் பார்த்தேன், அதைப் பிடித்தால் விழுவோம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 8, திங்கள்

தம்பி ஜொகூரிலிருந்து போன் செய்தான். "ஆள் வச்சுச் செய்யேன்க்கா." வைக்காமலா? கேட்ட இரண்டு பேரும் தைப்பூசம் முடியட்டும் என்கிறார்கள். தைப்பூசம் 25ஆம் தேதி. அம்மாவை 13ஆம் தேதியே விட்டாலும் விடுவார்கள்.

ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடையில் சிலிக்கான் பசை, பிளேடு, பிளாஸ்டிக் சுரண்டி, துருவுக்கு ஸ்பிரே. கடைக்கார அங்கிள் மேசைக் கண்ணாடியின் மூலையைத் தொட்டுக் காட்டினார். குளியல் கதவுக் கண்ணாடி நடுவில் இடித்தால் தாங்குமாம். ஓரம் தரையில் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுமாம்.

ஜனவரி 9, செவ்வாய்

நாளையிலிருந்து 14ஆம் தேதி வரை தண்ணீர்த் தடை. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுகிறார்கள். "உனக்கென்னம்மா, பாத்டப் இருக்கு, ரொப்பி வச்சுக்கோ" என்றார் பக்கத்து வீட்டு ஆண்டி. நான் வாளி, அண்டா, குக்கர்வரை பிடித்து வைத்தேன். தொட்டி காலியாகத்தான் வேண்டும். இதுவும் நல்லதுக்குத்தான், காய்ந்த இடத்தில்தான் சிலிக்கான் ஒட்டும்.

ஜனவரி 10, புதன்

லீவு போட்டேன். பசியாறிவிட்டு 9 மணிக்கே தொடங்கினேன். முதலில் தொட்டி ஓட்டையைத் துணியால் அடைத்தேன், ஸ்குரூ விழுந்தால் எடுக்க முடியாது. உள்ளே பழைய போர்வையை விரித்தேன். கண்ணாடியை மேலே தூக்கினால் உருளைகள் மேல் டிராக்கை விட்டு வர வேண்டும். அசையவில்லை. இன்னொரு முறை தூக்கினேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் பார்த்தேன், கீழே நடுவில் விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கண்ணாடியைப் பிடித்து வைத்திருந்தது. அதன் ஸ்குரூவைக் கழற்றியதும் வந்தது. அப்பா, என்ன கனம். ஆண்டியின் மகனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஹாலுக்குத் தூக்கிப்போய் அட்டைமேல் நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினோம்.

இரண்டாவது கண்ணாடியில்தான் கம்பி. தூக்குவதற்கு அவன் அதில் கை வைத்தான். "அதப் பிடிக்காதே!" என்று கத்திவிட்டேன். பையன் முகம் செத்துவிட்டது. பாவம், உதவிக்கு வந்தவன். மைலோ கலக்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

மேல் டிராக் சும்மா உட்கார்ந்திருந்தது, தூக்கியதும் வந்துவிட்டது. பக்கச் சட்டங்களில் ரப்பருக்குப் பின்னால் மூன்று மூன்று ஸ்குரூ. ஐந்து வந்தன. ஆறாவது துரு, தலை மழுங்கிவிட்டது. ஸ்பிரே அடித்து விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"தலைக்கு எப்பம்மா ஊத்துறது?" இன்றும் அம்மா கேட்டது அதே கேள்வி. நர்ஸ் மிஸ்ஸி தினமும் ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் அம்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 12, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் 6 மணி. 5 மணிக்கு மேல் டிரில் போடக் கூடாது. ஆறாவது அப்படியே இருக்கிறது.

ஜனவரி 13, சனி

ஆறாவதின் தலையையே துளைத்து எடுத்தேன்.

கீழ் டிராக்குக்கு ஸ்குரூ கிடையாது, சிலிக்கான் மட்டும்தான். ஹேர் டிரையரில் சூடு காட்டி, பிளேடால் கோடு போட்டு, சுரண்டியை நுழைத்து நுழைத்துக் கிளப்பினேன். அடியெல்லாம் கறுப்புப் பூசணம். ஒரு மணி நேரம் சுரண்டினேன். சுவர் ஓட்டைகளையும் அடைத்தேன், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். பிறகு செங்கல் சுவரில் புதுக் கைப்பிடி. என் முழுக் கனத்தையும் போட்டு இழுத்தேன். மறுபடி இழுத்தேன். ராத்திரி எழுந்து போய் இன்னொரு முறை இழுத்தேன்.

டாக்டர் திங்கள் என்கிறார்.

ஜனவரி 14, ஞாயிறு

தண்ணீர் வந்துவிட்டது. முதல் வாளி செம்மண் நிறம், கொட்டினேன்.

பெஞ்ச் ஆடாமல் நிற்கிறது. நானே உட்கார்ந்து, நகர்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். எழுந்திருக்கும்போது என் கை தானாகக் கம்பி இருந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

அம்மாவின் கையும் அங்கேதானே போகும்.

புதுக் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். போதுமா?

ஜனவரி 15, திங்கள்

10 மணிக்கு வரச் சொன்னார்கள். பால் பொங்கிவிட்டது. சீயக்காய் குழைத்து வைத்தாயிற்று, வெந்நீர்