படியளந்தவனும் மாவு பிசைந்தவளும்

சிங்கப்பூர் ஓஃபியர் ரோட்டில் பஸ் திரும்பும்போதெல்லாம் லூர்து மாதா ஆலயம் கண்ணில் படும். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டியது. நமக்கு ‘மாதா’, ஆங்கிலத்தில் ‘அவர் லேடி’. இந்த ‘லேடி’ எங்கிருந்து வந்தது என்று போன வாரம் தேடப்போய், ஒரு ராத்திரி தூக்கமே போய்விட்டது.

பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்லேஃப்டிகே’. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி, இன்றைய ‘லோஃப்’ அதுதான், ஜெர்மன்காரர்கள் ‘லைப்’ என்கிறார்கள். ‘டிகே’ என்றால் பிசைகிறவள். அதாவது லேடி என்பவள் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள்! ‘லார்ட்’ அவளுக்கு ஜோடி: ‘ஹ்லாஃப்வெயர்ட்’, ரொட்டியைக் காப்பவன், தேய்ந்து தேய்ந்து லார்ட் ஆகிவிட்டது.

எனக்கு உடனே ஆயா ஞாபகம்தான். தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தை அவர் எப்போது பேசினாலும் முதலாளியைப் பெயர் சொல்ல மாட்டார், “நமக்குப் படியளந்த மகராசன்” என்பார். சாமியையும் அப்படித்தான் சொல்வார். நெல்லை அளந்து கொடுப்பவன் தலைவன் என்று நாம் சொல்ல, ரொட்டியைக் காப்பவன் தலைவன் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, ஆனாலும் சோறு போடும் கையில்தான் இரு பக்கமும் அதிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதி அரசர் ஏதல்பர்ட் போட்ட சட்டத்தில் ‘ஹ்லாஃப்ஏட்டா’ என்று ஒரு சொல் இருக்கிறது, ரொட்டி தின்பவன் என்று பொருள். ஒருவனை அண்டிப் பிழைக்கும் ஆளுக்கு அந்தப் பெயர். அவனைக் கொன்றால் ஆறு ஷில்லிங் தண்டம். செஞ்சோற்றுக் கடன் என்று கர்ணனைப் பற்றிப் பேசி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது அந்தப் பிசைகிறவள்தான். அவளுக்கு நெருங்கிய சொல்லான ‘டேகே’ வேலைக்காரிக்கும் பெயராகி, பிறகு பால் கறப்பவளுக்குப் போய், அதிலிருந்துதான் ‘டெய்ரி’ வந்திருக்கிறது. மாவு பிசைந்த ஒரே கை, ஒரு சொல்லில் சீமாட்டியாகி மாதா கோயில் வரை ஏறிவிட்டது, இன்னொன்றில் மாட்டுத் தொழுவத்திலேயே நின்றுவிட்டது. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குச் சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு அடுத்தவர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கப் போவார். அவருக்கு இரண்டு சொல்லும் பொருந்தும்.