சோற்றுக்கு அப்புறம்?

நேற்று இரவு கோலாலம்பூர் லெபோ புடு தெருப் பக்கம் வீடில்லாதவர்களுக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அஞ்சடியில் (கடைவரிசை முன்னுள்ள நடைபாதையில்) அட்டை விரித்துப் படுத்திருந்த அண்ணன் ஒருவர் கேட்டார்: "சாப்பாடு எப்படியோ கெடச்சிருதும்மா. ஐசி (அடையாள அட்டை) போட உதவி பண்ணுவீங்களா?"

தோட்டத்தில் பிறந்தவர். சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் ஆரம்பித்து ஹெராயினுக்குப் போனவர். இப்போது விட வேண்டுமாம். அதற்காக ஒரு கிளினிக்கிற்குப் போனால் ஐசி கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஹெராயினை விட உதவும் மெத்தடோன் என்ற மருந்துச் சிகிச்சை மலேசியாவில் 2005-இல் தொடங்கியது. தினமும் ஒரு வேளை மருந்து; உடல் வலி, வாந்தி, ஹெராயின் வெறி எல்லாம் அடங்கும், வேலைக்குப் போக முடியும். ஆனால் தினமும் போக வேண்டும். அஞ்சடியில் தூங்கி, பையைப் பறிகொடுத்து, அமலாக்க அதிகாரிகளுக்குப் பயந்து ஓடுகிறவர் எப்படி அதைத் தொடர்வார்? முதலில் படுக்க ஓர் இடம் வேண்டும். "போதையை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்பது தலைகீழ்.

2014-இல் கோலாலம்பூர் லோட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கூடாது என்று அமைச்சர் சொன்னபோது எல்லாரும் கொதித்தோம். நியாயம்தான். அதே கொதிப்பு இதற்கும் வர வேண்டாமா? அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நம் கோயில்கள், வாரம் ஒருநாள் மண்டபத்தில் மேசை போட்டு ஐசி பாரம் நிரப்பித் தரலாமே. ஐசிக்குக் கட்ட வேண்டிய அபராதத்தைக்கூட நாமே கட்டலாம்.

புதன் காலை அந்த அண்ணனைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன். கார் வைத்திருப்பவர்கள் யாராவது வர முடியுமா? உள்பெட்டியில் சொல்லுங்கள்.