டோல்கீன் என்னும் யாப்பாளர்

1929 டிசம்பர் 6 அன்று இரவு, ஆக்ஸ்போர்டில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் தம் நண்பர் டோல்கீன் எழுதிக்கொண்டிருந்த நெடுங்கவிதை ஒன்றின் பகுதியைப் படித்து, மறுநாளே பாராட்டிக் கடிதம் எழுதினார். அதன்பின் அவர் அனுப்பிய விரிவான குறிப்புகள் விந்தையானவை. கண் முன்னே இருக்கும் நண்பரின் கவிதையைப் பல ஏடுகளில் பாடபேதங்களோடு கிடைத்த பழைய காவியமாகப் பாவித்து, பம்பர்நிக்கல், பீபாடி, ஷிக் என்று இல்லாத பேராசிரியர்களைப் படைத்து, அவர்கள் ஒவ்வோர் அடியையும் பற்றிச் சண்டையிடுவதாக லூயிஸ் எழுதியிருந்தார். நலிந்த அடி என்றால் அது ஏடு பெயர்த்தவன் செய்த பிழை. லூயிஸ் முன்வைக்கும் மாற்று அடி வேறோர் ஏட்டில் காணப்படும் சிறந்த பாடம். நண்பரின் மனம் நோகாமல் குறை சொல்ல இதைவிட நயமான வழி இருக்க முடியாது. டோல்கீனும் அந்தக் குறிப்புகளில் பலவற்றை ஏற்றுத் திருத்தினார்.

அந்தக் கவிதையின் பெயர் ‘லே ஆஃப் லெய்தியன்’. பெரன், லூத்தியன் என்ற இருவரின் காதல் கதையை, எட்டு அசை கொண்ட அடிகளில், இரண்டு அடிக்கு ஓர் இயைபு என்ற கட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளுக்குச் சொல்லிச் சென்று, 1931இல் முடிக்காமலே விட்டுவிட்டார். அதுவும் லூயிஸின் குறிப்புகளும் 1985இல் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த ‘த லேஸ் ஆஃப் பெலேரியண்ட்’ என்ற தொகுதியில்தான் அச்சேறின. டோல்கீனின் கவிதை பற்றிய மிகப் பழைய ஆய்வுகளில் ஒன்று இப்படிக் கேலி வேடத்தில் பிறந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. லூயிஸ் அங்கே கதையைப் பற்றியோ தொன்மத்தைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. இந்த அடி ஏன் தளர்கிறது, இந்தச் சொல் ஏன் இங்கே உறுத்துகிறது என்பதைத்தான் பேசினார். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் நான் தேடிக் காணாதது இந்தக் கவனத்தைத்தான்.

டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் அறுபதுக்கும் மேற்பட்ட செய்யுள்கள் உள்ளன. வாசகர்களில் பலர் அவற்றைத் தாண்டிச் செல்வதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் தாண்டிச் செல்வதில்லை என்றாலும், பாட்டில் வரும் மன்னர் எந்த யுகத்தவர், ஊர் எங்கே இருக்கிறது என்று கற்பனை வரலாற்றுக்குச் சான்று திரட்டுவதோடு நின்றுவிடுபவர்கள் அவர்களிலும் உண்டு. இதை எழுதியவர் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்போர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக இருந்தவர், யாப்பிலக்கணம் அவருக்கு அன்றாட வேலை என்பது அத்தகைய கட்டுரைகளில் ஓர் அறிமுக வாக்கியத்துக்கு மேல் இடம் பெறுவதில்லை.

பழைய ஆங்கிலச் செய்யுள் இயைபால் அல்ல, மோனையால் நடப்பது. தமிழ் யாப்பு ஓரளவு தெரிந்தவருக்கு இது புரிவதில் சிரமம் இராது. ஆங்கிலேய வாசகரைவிட நமக்கு இது எளிது என்றுகூடச் சொல்வேன். அடி இரண்டு பாதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு அழுத்தங்கள், ஆக நான்கு. மூன்றாவது அழுத்தத்தின் முதல் ஒலிதான் அடியை ஆள்கிறது. முதல் இரண்டில் ஒன்றாவது அதனோடு ஒன்றியாக வேண்டும், இரண்டும் ஒன்றினாலும் சரி. நான்காவது மட்டும் ஒன்றக் கூடாது. நான்கு சீர் கொண்ட நம் அளவடியின் கணக்கில் சொன்னால், ஒன்றும் மூன்றும் ஒன்றும் பொழிப்பு மோனையும், முதல் மூன்றும் ஒன்றும் கூழை மோனையும் அங்கே செல்லும்; நான்கும் ஒன்றும் முற்று மோனையோ அங்கே குற்றம். அ, இ, உ என்று உயிர்களை இனம் பிரித்து நாம் மோனை கொள்கிறோம். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் ஒன்றும். பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: நம்முடையது சீரின் தொடக்கத்தை நோக்குவது, அவர்களுடையது அழுத்தம் விழும் அசையை நோக்குவது.

இந்த யாப்பை நவீன ஆங்கிலத்தில் தளர்த்தாமல் எழுத முடியும் என்பது டோல்கீனின் வாதம். லீட்ஸில் பணியாற்றிய காலத்திலேயே ஹூரின் மக்களின் கதையை இந்த யாப்பில் இரண்டாயிரம் அடிகளுக்கு மேல் எழுதிப் பார்த்தார். ‘பெயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்றின் 1940ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் பாதி அடிகளின் வகைகளை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் நவீன ஆங்கிலத்திலேயே எடுத்துக்காட்டு தந்தார். வாதத்தை நிறுவ நீண்ட கவிதைகளையே எழுதிப் பார்த்த அறிஞர் என்று அவரைச் சொல்லலாம்.

அவருடைய பாட்டை யாப்போடு சேர்த்துப் படிக்கும்போது என்ன கிடைக்கிறது என்பதற்கு அந்த நாவலில் வரும் ரோகன் என்ற கற்பனை நாட்டின் புலம்பல் பாட்டு நல்ல சான்று. குதிரை எங்கே, அதை ஊர்ந்தவன் எங்கே என்று கேட்கும் அந்தப் பாட்டு, ‘த வாண்டரர்’ என்ற பழைய ஆங்கிலக் கவிதையின் சில அடிகளிலிருந்து பிறந்தது. டாம் ஷிப்பி முதலான ஆய்வாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். பெரும்பாலான கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. பொருள் பழைய கவிதையிலிருந்து வந்திருந்தும் யாப்பு அங்கிருந்து வரவில்லை: அந்தப் பாட்டு நீண்ட அடிகளில், இறுதி இயைபோடு நடக்கிறது. அதே ரோகன் மக்களின் போர்க்களப் பாட்டோ, மாண்டவர்களின் பெயர்களை அடுக்கி, கண்டிப்பான மோனை யாப்பில் அமைந்திருக்கிறது. முதற்பாட்டை நாவலில் பாடுபவன் அரகோர்ன், அந்த நாட்டுக்கு அயலான். முதலில் அதன் சொந்த மொழியில் ஓதிவிட்டுப் பிறகே பொதுமொழியில் சொல்கிறான். மொழிபெயர்ப்பில் யாப்பு தங்காது என்பதைக் காட்டவே ஆசிரியர் இப்படிச் செய்தார் என்பது என் ஊகம். ஊகம் தவறாகவே இருக்கட்டும், அதற்கான கேள்வி பாட்டின் ஓசையைக் கேட்டவருக்கு மட்டுமே எழும்.

‘எரன்ட்ரி’ என்ற வேடிக்கைப் பாட்டின் வரலாறு இன்னும் சுவையானது. 1933 நவம்பரில் ‘ஆக்ஸ்போர்ட் மேகஸின்’ இதழில் வெளிவந்த இந்தப் பாட்டின் யாப்பு அவரே உருவாக்கியது. ஓர் அடியின் ஈற்றில் வரும் மூவசைச் சொல்லின் ஓசை அடுத்த அடியின் தொடக்கத்தில் ஏறக்குறைய எதிரொலிக்கும். மாணவர் மன்றம் ஒன்றில் படிக்கப்பட்ட பாட்டு, எழுதியவர் பெயரை இழந்து வாய்வழியாகப் பரவி, பல ஆண்டுகள் கழித்து அவரிடமே திரும்பி வந்தது. 1952இல் பதிப்பாளர் ரேய்னர் அன்வினுக்கு எழுதிய கடிதத்தில், இது வாய்மொழி மரபு பற்றிய தம் கருத்தை உறுதிப்படுத்துவதாக டோல்கீன் மகிழ்கிறார்: கடினமான சொற்கள் சிதையாமல் தங்குகின்றன, எளிய சொற்கள் மாறிவிடுகின்றன, யாப்பு குலைந்துபோகிறது. தம் பாட்டு திரிந்ததற்கு வருந்தாமல் அதைத் தரவாக்கிக்கொண்ட கவிஞரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த யாப்பே பிறகு வேடிக்கையை உதறி, நாவலில் ரிவெண்டெல் என்ற இடத்தில் பில்போ என்ற பாத்திரம் பாடும், ஏயாரெண்டில் என்ற கடலோடியைப் பற்றிய பாட்டாக வளர்ந்தது. அந்த மாற்றத்தை வரைவு வரைவாக ‘த டிரெஸன் ஆஃப் ஐசன்கார்ட்’ தொகுதியில் கிறிஸ்டோபர் காட்டுகிறார். இறுதி வடிவம் கைதவறிப் போய், முந்தைய வடிவமே நாவலில் அச்சாகிவிட்டது என்பது அவர் முடிவு. அச்சிட்ட நூலில் இருப்பதே ஆசிரியரின் முடிவான பாடம் என்று நம்பி எழுதப்படும் நுண்விளக்கங்கள் இங்கே தடுமாறுகின்றன. பம்பர்நிக்கல் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

2024 செப்டம்பரில் கிறிஸ்டினா ஸ்கல், வெயின் ஹேமண்ட் இருவரும் பதிப்பித்த முழுக் கவிதைத் தொகுப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 195 தலைப்புகள், ஏறத்தாழக் கால வரிசை, வடிவங்கள் மாறிய விதம், குறிப்புகள் என்று உழைப்பு வியப்பளிக்கிறது. எல்லாக் கவிதைகளும் நல்லவை அல்ல. 1915இல் அச்சான ‘காப்ளின் ஃபீட்’ என்ற இளமைக்காலப் பாட்டு என்றென்றைக்கும் புதைந்துபோகட்டும் என்று முதுமையில் அவரே விரும்பினார். பதிப்பாளர்கள் விடவில்லை, விடவும் கூடாது. எனக்குள்ள குறை வேறு. நெடுங்கவிதைகள் பகுதிகளாக மட்டுமே இடம் பெறுவதால், அவர் யாப்பில் செய்த மிகப் பெரிய முயற்சிகளுக்கு இன்னமும் 1985ஆம் ஆண்டுத் தொகுதியையே எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு படைப்பைத்தான் படிக்க முடியும் என்பவருக்கு, 1953இல் ‘எஸ்ஸேஸ் அண்ட் ஸ்டடீஸ்’ என்ற ஆய்விதழில் வெளிவந்த பியோர்ட்நோத் நாடகத்தையே சொல்வேன். 991இல் நடந்த மால்டன் போருக்குப் பிறகு, இருவர் இருட்டில் தலைவன் பியோர்ட்நோத்தின் உடலைத் தேடுகிறார்கள். வீரப் பாட்டுகளில் ஊறிய இளைஞனின் பேச்சு அவ்வப்போது காவிய நடைக்கு ஏறுகிறது. முதிய உழவன் அதைக் கீழே இழுக்கிறான். இருவரும் பேசுவது மோனை யாப்பில்தான், ஓசை மட்டும் வேறு. நாடகத்தின் பின்னால் வரும் டோல்கீனின் கட்டுரை, அந்தப் போரைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையில் தலைவன் காட்டும் செருக்கைக் கடிந்து பேசுகிறது. அந்த வாதத்தை நாடகம் ஏற்கெனவே செய்யுளில் நடத்தி முடித்திருக்கிறது. பீட்டர் கிரிபாஸ்கஸ் 2023இல் கொண்டுவந்த பதிப்பு முந்தைய வரைவுகளையும் தருகிறது. தொடக்கத்தில் இந்த உரையாடல் இயைபுச் செய்யுளாகவே இருந்திருக்கிறது. அச்சான வடிவத்திலோ, மோனை யாப்பு முடிந்தபின் ஈலி மடத்தருகே ஒலிக்கும் ஒரு குரலுக்கு மட்டுமே இயைபு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கன்யூட் மன்னர் பாடியதாகச் சொல்லப்படும் பழைய அடிகளின் சாயல் அதில் உண்டு. பழைய வீர யாப்பு மறையப்போவதற்கு அதை முன்னறிவிப்பாக வைத்ததை டோல்கீனே தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார்.