போர் மோட்டாரைத் தானியங்கியாக்கிய அனுபவம்: ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சிக்கலும் தீர்வும்

எங்கள் வீட்டு போர் மோட்டார் (ஆழ்துளைக் கிணற்று மோட்டார்) இப்போது மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துத் தானே ஓடுகிறது, நிரம்பியதும் தானே நிற்கிறது, வெளியூரில் இருக்கும்போது கைப்பேசியிலிருந்தும் இயங்குகிறது. விளக்குகளையும் மின்விசிறிகளையும் ஏசியையும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் சேர்த்து வெகுகாலம் ஆகியும் மோட்டாரை மட்டும் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு விளக்கு தவறுதலாக எரிந்துகொண்டிருந்தால் மின்கட்டணம் சற்றுக் கூடும். மோட்டார் தவறுதலாக ஓடினால் வைண்டிங் கருகும், அதன்பின் முந்நூறு அடிக் குழாயை மேலே உருவ ஆள் தேட வேண்டியிருக்கும். ஆகவே அவசரப்படாமல் செய்தேன். செய்த வேலை எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

கோவைப் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதைப் போன்றதுதான் எங்களுடையதும்: ஒன்றரைக் குதிரைத்திறன், ஒற்றை ஃபேஸ், நீர்மூழ்கி மோட்டார். சுவரில் பச்சை, சிவப்புப் பொத்தான்களும் ஆம்பியர் மீட்டரும் கொண்ட ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் இடத்தில் புதிய சுற்றை வைப்பது என் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. என் சாதனம் (வைஃபை கொண்ட இஎஸ்பி சில்லில் இயங்கும் சிறு சுற்று) பழுதானாலும், வைஃபை போனாலும், வீட்டில் யார் வேண்டுமானாலும் பச்சைப் பொத்தானை அழுத்தித் தண்ணீர் ஏற்ற முடிய வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. எனவே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தும் ஆள் செய்வதை மட்டுமே என் சுற்று செய்கிறது.

நிறுத்துவது எளிது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய மின்காந்த ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலுக்கு, சிவப்புப் பொத்தான் தொடராக இருக்கும் மூடிய கான்டாக்ட் என்பதால், அதே வரிசையில் ஒரு ரிலேயின் (சிறிய மின்காந்த ஸ்விட்ச்) என்சி முனையைச் சேர்த்தால் போதும். ரிலேவுக்கு மின்சாரம் இல்லாதபோது அது மூடியே இருக்கும், பெட்டி வழக்கம்போல் கையால் இயங்கும். மின்தடை வந்தால் காயில் விடுபட்டு, மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானே ஓடாது என்ற பழைய பாதுகாப்பும் அப்படியே நீடிக்கிறது.

தொடங்குவதில்தான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு நீல நிற ஐந்து வோல்ட் ரிலேயை வைத்து இரண்டு விநாடி மூடினால் வேலை முடிந்தது என்று சொல்லும் காணொளிகள் நிறைய உள்ளன. மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டருக்கு அது ஓரளவு பொருந்தும். ஒற்றை ஃபேஸ் போர் பெட்டியின் மூடியைத் திறந்து பச்சைப் பொத்தானின் பின்பக்கத்தைப் பார்த்தால், அதில் ஒன்றல்ல, இரண்டு கான்டாக்டுகள் இருப்பது தெரியும். ஒன்றில் மெல்லிய கம்பி செல்கிறது, அது கான்டாக்டர் காயிலைப் பிடிக்க வைப்பதற்கானது. மற்றொன்றில் தடித்த கம்பி, நேராக, மோட்டார் சுழலத் தொடங்க உந்துதல் தரும் ஸ்டார்ட் கெப்பாசிட்டருக்குப் போகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் அந்த ஓரிரு விநாடிகள் மட்டுமே அந்தக் கருப்பு நிற உருளை சுற்றில் இருக்கும். விரலை எடுத்ததும் அது விலகி, மோட்டார் ஓடும்போதெல்லாம் சுற்றில் இருக்கும் ரன் கெப்பாசிட்டர் மட்டும் மிஞ்சும்.

அந்தத் தடித்த கம்பியின் வழியே பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 150 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் இணைத்தால் சீராகப் பாய்வதே ஏறக்குறைய 10.8 ஆம்பியர் ஆகிறது. நீல ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற வெறும் தடைச்சுமைக்கான அளவு. உண்மையான ஆபத்து அதற்கும் முன்பே, கான்டாக்ட் தொடும் கணத்திலேயே நேர்கிறது. ரன் கெப்பாசிட்டர் ஏற்கனவே மின்னேற்றம் பெற்றிருக்கலாம், அப்போது காலியான ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அதற்கு இணையாக வந்து சேரும். இரண்டுக்கும் இடையே தடை என்று இருப்பது கம்பியின் தடை மட்டுமே. எனவே முதலாவது தன் மின்னேற்றத்தை இரண்டாவதில் ஒரே வீச்சில் கொட்டுகிறது, சிறிய ரிலேயின் வெள்ளி முனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்ட ரிலேக்கு மென்பொருள் என்ன கட்டளை கொடுத்தாலும் பயனில்லை. ஸ்டார்ட் கெப்பாசிட்டர்கள் தொடர்ந்து சுற்றில் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மணிக்கு இருபது முறை, முறைக்கு மூன்று விநாடி என்பதுதான் அவற்றுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் வரம்பு. அது சுற்றிலேயே நின்றுவிட்டால் சூடேறி, மூடியைப் பிளந்துகொண்டு வெடிக்கும், கூடவே மோட்டாரின் துணை வைண்டிங்கும் கெடும்.

ஆகவே நீல ரிலே பெட்டியின் எந்தக் கம்பியையும் நேரடியாகத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன். அது இயக்குவது தனியாக வைத்த இன்னொரு மூன்று முனைக் கான்டாக்டரை மட்டுமே. அந்தக் கான்டாக்டரின் ஒரு முனை பச்சைப் பொத்தானின் மெல்லிய கம்பிக் கான்டாக்டுக்கு இணையாகவும், மற்ற இரண்டும் சேர்ந்து தடித்த கம்பிக் கான்டாக்டுக்கு இணையாகவும் நிற்கின்றன. ஒரு விரல் அழுத்துவது எப்படியோ அப்படியே மூன்றும் ஒன்றாக மூடி ஒன்றாகத் திறக்கின்றன.

இதோடு நிறுத்தவில்லை. இந்தக் கான்டாக்டரின் காயிலுக்குத் தொடராக, 230 வோல்டில் இயங்கும் ஆன்-டிலே டைமர் ஒன்றின் என்சி முனையைச் சேர்த்திருக்கிறேன். டைமருக்கும் நீல ரிலேயே மின்சாரம் தருகிறது. ரிலே மூடியதும் கான்டாக்டர் பிடிக்கும், டைமரும் எண்ணத் தொடங்கும். இரண்டு விநாடி கழிந்ததும் டைமர் தன் முனையைத் திறந்து கான்டாக்டரை விடுவித்துவிடும். ரிலே ஒட்டிக்கொண்டாலும், இஎஸ்பி உறைந்துபோனாலும், டைமர் மின்சாரம் பெற்றுக்கொண்டே இருப்பதால் அதன் முனை திறந்தே இருக்கும், கெப்பாசிட்டர் மீண்டும் சுற்றுக்குள் வர வழியில்லை. சோதிப்பதற்காக ரிலேயின் முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டுப் பார்த்தேன். “டக்” என்று பிடித்த கான்டாக்டர் இரண்டு விநாடியில் “டக்” என்று விட்டது, அதன்பின் அசையவே இல்லை. மென்பொருளை நம்பாமல் ஒரு வேலையை முடித்தோம் என்ற உறுதி அப்போதுதான் வந்தது. ஒற்றை ஃபேஸ் மோட்டாரைத் தானியங்கியாக்க நினைக்கும் ஒவ்வொருவரும் வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இந்த டைமரில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 15 கிலோஓம், 2 வாட் தடை ஒன்றையும் பற்றவைத்திருக்கிறேன். விலகிய கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருந்தால் அடுத்த தொடக்கத்தில் தீப்பொறி இன்னும் கடுமையாக இருக்கும் என்பதோடு, பெட்டியைத் திறக்கும் கைக்கும் அது ஆபத்து.

பொருட்களைப் பொறுத்தவரை, டி1 மினி (இஎஸ்பி 8266 சில்லு கொண்ட சிறு பலகை), ரிலே, ஹைலிங்க் ஐந்து வோல்ட் பவர் சப்ளை போன்றவற்றுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இன்றும் எனக்கு உகந்த இடம். கையில் எடுத்துப் பார்த்து, பற்றவைப்பின் தரத்தைப் பார்த்து வாங்கலாம். கான்டாக்டர், டைமர், கெப்பாசிட்டர் ஆகியவற்றை மட்டும் உள்ளூர் மோட்டார் வைண்டிங் கடைகளில் வாங்குவதே சிறந்தது. பம்ப்செட் தொழில் வேரூன்றிய ஊர் என்பதால் கோவையில் இந்தக் கடைக்காரர்களுக்கு மோட்டாரின் திறனைச் சொன்னாலே எந்த அளவு பொருந்தும் என்பது தெரிந்திருக்கிறது.

அடுத்ததாகச் சிறிது தொந்தரவு கொடுத்தது கான்டாக்டர் விடும்போது இஎஸ்பி மீள்தொடக்கம் ஆவது. காயிலின் மின்னோட்டத்தை ரிலே திடீரென்று அறுக்கும்போது முனைகளுக்கிடையே தீப்பொறி எழுந்து, அதன் இரைச்சல் அருகிலிருக்கும் கம்பிகளிலெல்லாம் ஏறிவிடுகிறது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பரை வைத்ததும் அது நின்றது. இதைக் காயிலுக்குக் குறுக்கேதான் வைக்க வேண்டும். ரிலே முனைகளுக்குக் குறுக்கே வைத்தால், ரிலே திறந்திருக்கும்போதும் ஏறக்குறைய 7 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும், சிறிய காயில்களும் மின்னணு டைமர்களும் அந்தக் கசிவிலேயே விடுபடாமல் தடுமாறக்கூடும்.

மென்பொருளுக்கு, இஎஸ்பி சில்லுகளுக்கு நிரல் அமைத்து ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் இஎஸ்பிஹோம் பயன்படுத்தியிருக்கிறேன். ரிலேக்களை டி1, டி2 ஆகிய முனைகளில் மட்டுமே இணைத்தேன். இஎஸ்பி 8266 விழித்தெழும்போது வேறு சில முனைகள் கணநேரம் உயர்நிலைக்குப் போகும், அவற்றில் மோட்டார் ரிலேயை வைப்பது முறையாகாது. தாழ்நிலையில் இயங்கும் ரிலே பலகைகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்தேன். மோட்டாரை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற முடிவுகள் அனைத்தும் சாதனத்துக்குள்ளேயே எடுக்கப்படுகின்றன. ஹோம் அசிஸ்டன்ட் பார்க்கவும் கேட்கவும் மட்டுமே. வைஃபை அறுந்ததால் தொட்டி வழிந்தது என்ற நிலை வரக் கூடாது.

தொட்டியில் மிதவை ஸ்விட்சைத்தான் நம்புகிறேன். நீர்ப்புகா அல்ட்ராசானிக் சென்சார் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது மட்டத்தைத் திரையில் காட்டுவதற்கு மட்டுமே. முகப்பிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குள் அது எதையும் அளக்காது, மூடிய தொட்டியில் அதன் முகத்தில் நீர்த்துளிகள் படிகின்றன. வெயிலில் காயும் தொட்டிக்குள் காற்றின் வெப்பம் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் கூடி, அளவு மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிசகுகிறது. மிதவைக்கு 12 வோல்ட் மட்டுமே செல்கிறது. குடும்பமே குளிக்கும் தண்ணீருக்குள் 230 வோல்டை இறக்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தொட்டி நிரம்பாதவரை மிதவை ஓர் இடைநிலை ரிலேயைப் பிடித்திருக்கும்படியும், அந்த ரிலே சிவப்புப் பொத்தானின் வரிசையில் இருக்கும்படியும் செய்திருப்பதால், கம்பியை எலி கடித்தாலும் மோட்டார் நிற்கும். அப்படி நின்றுவிட்ட நாளில் கையால் ஓட்டுவதற்குப் பெட்டியின் பக்கத்தில் நேரடி, தானியங்கி என்று இரு நிலை கொண்ட சுழல் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது.

தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதைக் கண்டறிய, மின்னழுத்தம், ஆம்பியர், வாட் ஆகியவற்றை அளக்கும் பிஇசட்இஎம்-004டி மீட்டரைச் சேர்த்திருக்கிறேன். டி1 மினியின் சீரியல் முனையை அதற்கே கொடுத்துவிட வேண்டியிருப்பதால் இஎஸ்பிஹோமில் அதே முனையில் பதிவுச் செய்திகளை அனுப்பும் லாகரின் வேகத்தைச் சுழியமாக்க வேண்டும். பலர் ஆம்பியரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். தூண்டல் மோட்டாருக்குச் சுமை இல்லாவிட்டாலும் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆம்பியர் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது, வாட் அளவுதான் தெளிவாக விழும். எனவே என் நிபந்தனை வாட்டைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. தொடங்கிய ஐந்தாவது விநாடியில் ஆம்பியர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், கெப்பாசிட்டர் இன்னும் விலகவில்லை என்று கொண்டு உடனே நிறுத்தும் விதியும் சேர்ந்திருக்கிறது. மின்னழுத்தம் 195 வோல்டுக்குக் கீழே இருந்தால் தொடக்கமே கிடையாது.

வெளியிலிருந்து அணுகுவதற்கு ரவுட்டரில் எந்தக் கதவையும் திறக்கவில்லை. பல இணைய இணைப்புகளில் ஒரே பொது முகவரியை ஏராளமான வீடுகள் பகிர்ந்துகொள்வதால் அது இயலவும் இயலாது. டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட வலைச் சேவை (விபிஎன்) வழியாகவே வீட்டு வலையமைப்புக்குள் வருகிறேன். மோட்டாரைத் தொடக்கும் பொத்தான் திறந்த இணையத்தில் இருப்பது சரியல்ல என்றே கருதுகிறேன்.

உலர் ஓட்டத்துக்கான வாட் எல்லையை இறுதி செய்வது இன்னும் பாக்கி. ஊற்று நன்றாக இருக்கும்போது எடுத்த அளவுகளைக் கொண்டு ஓர் எல்லையை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் நீரும் காற்றும் கலந்து இழுக்கும்போது அந்த எண் எப்படி ஆடுகிறது என்பதைப் பதிவு செய்த பிறகே அதை உறுதிசெய்வேன்.

அதற்குள் மனம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. போர் தண்ணீர் உப்பு, குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணித் தண்ணீர்தான். அது நள்ளிரவிலும் வரும், விடியலிலும் வரும். கீழ்த் தொட்டிக்கு வரும் அரை அங்குலக் குழாயில் ஒய்எஃப்-எஸ்201 ஓட்ட சென்சாரைப் பொருத்திவிட்டால், லிட்டருக்கு 450 துடிப்புகள் என்ற கணக்கில் வந்த தண்ணீரின் அளவும் தெரியும், வரத் தொடங்கியதும் கைப்பேசிக்குச் செய்தியும் போகும். குழாயில் முதலில் வரும் காற்றே அதன் சக்கரத்தைச் சுழற்றிவிடும் என்பதால், துடிப்புகள் ஒரு நிமிடமாவது சீராக வந்த பிறகே தண்ணீர் என்று ஏற்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. சென்சாரும் இரண்டு யூனியன் இணைப்புகளும் வாங்கி வைத்தாயிற்று. குழாயை அறுக்க பிளம்பர் வருவதற்காகக் காத்திருக்கிறேன்.